ஸ்டுடியோ கணினியில் விண்டோஸ் 11: அவசரத்தில் செய்யக் கூடாதவை

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஒரு மைக்கையும், அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் நண்பர்கள் அன்றிலிருந்து என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "விண்டோஸ் 11 போடலாமா?" போடலாம். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றை யோசிக்க வேண்டும். போட்ட பிறகு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்றால், நாளைக் காலை பாட வருகிறவருக்காக இன்று இரவே பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? முடியாது என்றால் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு பக்திப் பாடல் தொகுப்பின் நடுவில், ஒரு வியாழக்கிழமை இரவு ஸ்டுடியோ கணினியின் இயங்குதளத்தை மாற்றினேன். கணினி நன்றாகவே திறந்தது. ரெக்கார்டிங் மென்பொருளும் திறந்தது. இன்டர்ஃபேஸ் மட்டும் பட்டியலில் இல்லை. அந்த மாடலைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருளைப் புதிதாக எழுதுவதை அதைத் தயாரித்தவர்கள் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். சனிக்கிழமை பாட வேண்டியவர் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ஒரு டேக் கூட எடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பியது இன்றும் உறுத்துகிறது.

கணினி தகுதி பெற்றால் ஸ்டுடியோவும் தகுதி பெற்றதாக நினைப்பது

விண்டோஸ் 11 கேட்பவை டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசசர். மைக்ரோசாஃப்ட் தரும் சோதனைக் கருவி இவற்றைத்தான் பார்க்கிறது. உங்கள் மேசை மேல் இருக்கும் இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு (வாசிக்கும் ஸ்வரங்களைக் குறிப்புகளாகக் கணினிக்கு அனுப்புவது), டாங்கிள் (மென்பொருள் உரிமத்தை வைத்திருக்கும் யூஎஸ்பி குச்சி) பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பெட்டியின் அடியில் இருக்கும் மாடல் பெயரைத் தலைமுறை எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் முதல் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று வரும், டிரைவர் வேறுபடலாம். தயாரிப்பாளரின் தளத்தில் விண்டோஸ் 11-க்கான ஆசியோ டிரைவர், அதாவது தாமதம் குறைந்த ஒலிப்பதிவு டிரைவர், இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இப்போதே பென் டிரைவில் இறக்கி வையுங்கள்.

யூஎஸ்பி வயரைச் செருகியதும் பாட்டுக் கேட்கிறதே, பிறகென்ன என்று சிலர் நினைக்கிறார்கள். கேட்பது வேறு, பதிவு செய்வது வேறு. விண்டோஸ் தானாகப் போடும் பொது டிரைவரில் பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். பாடுகிறவர் ஹெட்ஃபோனில் தன் குரலைத் தாமதமில்லாமல் கேட்பதற்குத்தான் ஆசியோ வேண்டும். பஃபர் என்பது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் ஒலித்துண்டு. கணக்குப் போட்டால் புரியும்: 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிளில், பஃபர் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட். அதுவே 1024 என்றால் 21 மில்லிசெகண்டுக்கு மேல், அதுவும் ஒரு வழிக்கு மட்டும். குரல் உள்ளே போய் வெளியே வரும்போது இரட்டிப்பாகிவிடும். அந்த இடைவெளியில் எந்தப் பாடகருக்கும் தாளம் நழுவும்.

புதிதாக நிறுவும்போது மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி பல கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்கும். ஒத்துவராத பழைய டிரைவர்களை அது இயங்க விடாது. அதை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அறிவுரை வரும். இணையத்தோடு இணைந்திருக்கும் கணினியில் அப்படிச் செய்வதை நான் விரும்பவில்லை. டிரைவரை மாற்றப் பாருங்கள். இல்லையென்றால் இன்டர்ஃபேஸை மாற்றப் பணம் சேருங்கள்.

கணினியே தகுதி பெறவில்லை என்றால், சோதனையைத் தாண்டிக் குதிக்கும் குறுக்கு வழிகளை ஸ்டுடியோவில் முயல வேண்டாம். நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதற்குப் பிறகும் அந்தக் கணினியை இணையத்திலிருந்து விலக்கி, பதிவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். நன்றாக வேலை செய்யும் ஒரு பதிவுக் கணினியும் வாத்தியம் மாதிரிதான். புது மாடல் வந்துவிட்டது என்பதற்காக யாரும் தம்புராவை மாற்றுவதில்லை.

பாட்டை புராஜெக்ட் ஃபைலாக மட்டும் வைத்திருப்பது

புராஜெக்ட் ஃபைலில் இருப்பது பெரும்பாலும் குறிப்புகள்தான்: எந்த ஆடியோ எங்கே தொடங்குகிறது, எந்த பிளகின் (வாத்திய ஒலியோ எஃபெக்டோ தரும் துணை மென்பொருள்), எந்த அளவு. அந்த பிளகின் திறக்கவில்லை என்றால் உங்கள் வயலின் பகுதி வெறும் மிடி கோடுகளாக நிற்கும். ஆகவே மாற்றுவதற்கு முன், முக்கியமான ஒவ்வொரு பாட்டையும் ஸ்டெம்களாக, அதாவது குரல், வாத்தியம் என்று தனித்தனியாக, வேவ் ஃபைலில் எடுங்கள். எல்லா டிராக்கும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் வேறெந்த மென்பொருளில் போட்டாலும் வரிசை பிசகாது. எஃபெக்டோடு ஒரு தடவை, குரலை மட்டும் எஃபெக்ட் இல்லாமல் இன்னொரு தடவை எடுத்துவிடுங்கள். மிடியைத் தனி ஃபைலாகச் சேமியுங்கள். டெம்போ, சாம்பிள் ரேட், சுருதி மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதே ஃபோல்டரில் வையுங்கள். சலிப்பான வேலைதான், இரண்டு நாள் பிடிக்கலாம். ஆனால் மூன்று வருடம் கழித்து ஒருவர் பழைய பாட்டின் கரோக்கி கேட்டு வரும்போது நீங்கள் தேடப்போவது இந்த ஃபோல்டரைத்தான்.

உரிமங்களை மறந்துவிடுவது

பல பிளகின்களின் உரிமம் இரண்டு அல்லது மூன்று கணினிக்குத்தான். டிஸ்க்கை அழித்துப் புதிதாக நிறுவினால் அதே கணினி புதுக் கணினியாகக் கணக்காகலாம். எனவே அழிப்பதற்கு முன், பல பிளகின்களின் உரிமங்களை நிர்வகிக்கும் ஐலாக் கணக்கிலும் பிற நிறுவனக் கணக்குகளிலும் நுழைந்து, கணினிக்குள் போட்ட உரிமங்களை விடுவித்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று அன்றுதான் தெரியும். பழைய மின்னஞ்சல் முகவரியில் கணக்கு இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்துவிடலாம். கியூபேஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளின் பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் ஸ்டைன்பர்க், உரிமங்களை நிர்வகித்துவந்த தன் பழைய இ-லைசன்சர் சேவையை 2025 மே மாதம் மூடிவிட்டது.

ஆவணங்கள் ஒன்டிரைவுக்குப் போய்விடுவது

இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11-ஐ அமைக்கும்போது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்குள் போய்விடலாம். பிளகின் பிரிசெட்டுகளும் சில மென்பொருள்களின் புராஜெக்ட்களும் இயல்பாகவே அங்கேதான் சேமிக்கப்படுகின்றன. பதிவு நடக்கும்போதே பின்னால் அப்லோடு ஓடும். இடம் போதாமல் ஃபைல் மேகத்துக்கு மட்டும் போய்விட்டால், இணையம் இல்லாத நேரத்தில் பாட்டு திறக்காது. ஃபோல்டர் பேக்கப் வசதியை அணைத்துவிட்டு, புராஜெக்ட்களைத் தனி டிரைவில் வையுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சொல். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான ஆதரவு எடுக்கப்பட்டுவிட்டது. ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் இருந்தால் அதற்கு முந்தைய பதிப்பிலேயே நில்லுங்கள். அப்புறம், மாற்றிய பிறகு லெவல் மீட்டர் அசையவே இல்லை என்றால் கேபிளைப் பிடுங்குவதற்கு முன் மைக் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸிலும் பிரைவசி பகுதியில் இதே அனுமதி இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றுவது

இயங்குதளம், கியூபேஸ், ரீப்பர் போன்ற ரெக்கார்டிங் மென்பொருளின் புதுப் பதிப்பு, பிளகின் அப்டேட் எல்லாம் ஒரே நாளில் செய்தால், டப் டப் என்று சத்தம் வரும்போது யார் காரணம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. முதலில் விண்டோஸ். பிறகு இன்டர்ஃபேஸ் டிரைவர். ஒரு பழைய பாட்டைத் திறந்து, அரை மணி நேரம் இடைவிடாமல் பதிவு செய்து பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் தொல்லை தருகிறது என்று காட்டும். பெரும்பாலும் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவராக இருக்கும். அது அடங்கிய பிறகு மற்றவை.

திரும்பிப் போகும் வழிக்கு வருகிறேன். மேம்படுத்திய விண்டோஸிலிருந்து பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது. இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்தால் அதுவும் போயிற்று. ஆகவே அதை மட்டும் நம்பாமல், புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி, மேலே தேதி எழுதி, அலமாரியில் வையுங்கள். புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11 போடுங்கள். பாட வருகிறவர் வாசலில் நிற்கும்போது ஏதாவது சொதப்பினால், நாலு ஸ்க்ரூ கழற்றிப் பழைய டிஸ்க்கை மாட்டினால் ஸ்டுடியோ திரும்பிவிடும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்பு) எதையாவது மாற்றியிருந்தால் அது என்ன என்பதையும் டிஸ்க்கோடு ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.