பசை பூச முன்: தூண்டில் தடியின் பிடி நீளத்திலும் பாரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணை, இதின்ரை பின்பக்கத்திலை கொஞ்சம் ஈயம் வைச்சுத் தாங்கோ. முன்னுக்கு இழுக்குது.”

முத்தையன்கட்டுக் குளத்தில் விராலுக்குத் தூண்டில் போடும் தம்பி ஒருவர் போன கோடையில் இப்படிக் கேட்டு வந்தார். தானே கட்டிய தடி, நீளம் ஏழடி. வேலை நல்ல நேர்த்தி. தங்கூசி என்கிற தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கட்டச் சுற்றிய நூலில் ஓர் இழைகூடப் பிசகவில்லை. ஆனால் ரீலைப் பூட்டிக் கையில் எடுத்ததும் நுனி கீழே தூங்கியது. வெயில் ஏறும்வரை அதைப் பிடித்துக்கொண்டு போலி இரையான ரப்பர்த் தவளையை ஆட்டினால் மணிக்கட்டு உளையாமல் என்ன செய்யும்?

“ஈயத்தை விடும் தம்பி, முதல்ல நுனியைப் பாரும்” என்றேன். நுனிவரைக்கும் இரண்டு கால் வைத்த பெரிய வளையங்கள். ஒவ்வொன்றின் காலிலும் எபொக்சிப் பசை புளியங்கொட்டை போல உருண்டு நின்றது. பாரம் அங்கேதான் இருந்தது.

இந்தத் தவறைத்தான் நான் அதிகம் காண்கிறேன். நுனி பாரமாக இருந்தால் பின்முனையில் பாரம் ஏற்றிச் சமன் செய்யலாம் என்று நினைக்கிறோம். பழைய கிணற்றுத் துலாவை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நீளப் பக்கத்தில் ஒரு வாளிதான் தொங்கும். கட்டைப் பக்கத்தில் கல்லு கல்லாகக் கட்டியிருப்பார்கள். தூண்டில் தடியும் அதே துலாதான், ஆடுகால் நிற்கிற இடத்தில் உங்கள் கை நிற்கிறது. ஏழடித் தடி என்றால் 84 அங்குலம். பின்முனையிலிருந்து 14 அங்குலத்தில் பிடித்தால் கைக்கு முன்னே 70 அங்குலம் நீளும். ஆகவே நுனியில் உள்ள 1 கிராமைச் சமன் செய்யப் பின்முனையில் 5 கிராம் வேண்டும். பின்பிடியைக் குறைத்துக் கை 10 அங்குலத்தில் நின்றால் அதே 1 கிராமுக்கு 7 கிராமுக்கும் மேல் போகும். மறுபக்கமாகப் பார்த்தால் நுனியில் 4 கிராமைக் குறைத்துவிட்டீர்கள் என்றால், 14 அங்குலத்தில் பிடிக்கும் தடியில் 20 கிராம் ஈயம் மிச்சம்.

ஈயம் வைத்தால் தடி விரலில் சமனாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நிற்பதற்காக மட்டும் நாங்கள் தடி கட்டுவதில்லை. இரு முனையிலும் பாரம் உள்ள தடியை வீசத் தொடங்கவும் கூடுதல் பலம் வேண்டும், நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். விரால் தவளையைத் தட்டியதும் ஒரே இழுவையில் முள்ளை ஏற்ற வேண்டிய நேரத்தில் அந்தச் சுணக்கம் மீனைத் தவற விட்டுவிடும். தம்பியின் தடியில் நுனிப்பக்கத்து வளையங்களைக் கழற்றி, சின்ன ஒற்றைக்கால் வளையங்களை வைத்து, பசையை மெல்லிசாக இழுத்தோம். ஈயம் தேவைப்படவில்லை. தடி கட்டி முடிந்த பிறகும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தால், அப்போது பின்மூடிக்குள் 10, 15 கிராம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதையே முதல் மருந்தாக எடுப்பதுதான் பிழை.

பாரமான ரீல் பூட்டினால் சரியாகும் என்பது இதற்குத் தம்பி முறையான நம்பிக்கை. ரீல் தொங்குவது கைக்கு நேர் கீழே. துலாவின் ஆடுகாலில் பாரம் கட்டினால் துலா எந்தப் பக்கமும் சாயாது அல்லவா? 2500 அளவு ரீல் ஏறக்குறைய 250 கிராம் வரும். அதை விட்டு இன்னும் பெரிய 4000 அளவுக்குப் போனால், விரலை ரீலுக்கு முன்னே வைத்துப் பார்க்கும்போது சமநிலைப் புள்ளி பின்னுக்கு வந்தது போலத் தெரியும். ரீலின் காலை, அதாவது ரீலைத் தடியோடு இணைக்கும் தண்டை, விரல்களுக்கு இடையில் வைத்துப் பிடித்தால் நுனி இழுக்கிற இழுவை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மொத்தப் பாரம் மட்டும் கூடியிருக்கும்.

சரி, பிடியின் நீளத்துக்கு வருவோம். இதில் என் சொந்த அனுபவம் ஒன்று. நான் கட்டிய முதல் தடிக்கு, கடையில் விற்ற வெளிநாட்டுத் தடி ஒன்றின் அளவை அப்படியே எடுத்தேன். எந்தக் கைக்கு, எந்தத் தண்ணீருக்கு அந்த அளவு என்று யோசிக்கவில்லை. இரணைமடுக் குளக்கட்டில் நின்று நுனியைத் தாழ்த்தித் தவளையை ஆட்டினால் ஒவ்வோர் ஆட்டுக்கும் பின்முனை விலாவில் இடித்தது. இரண்டு மணித்தியாலத்தில் அந்த இடம் கன்றிவிட்டது. பிடியை வெட்டலாம் என்றால் உள்ளே பிளாங்க், அதாவது தடியின் வெறும் தண்டு, இருக்கிறது, அதற்கு மேல் பசை இருக்கிறது. அந்தத் தடியை இரண்டாவது முறை கட்ட வேண்டி வந்தது.

அளவு உங்கள் கையில்தான் இருக்கிறது. ரீலின் கால் எந்த இரு விரல்களுக்கு நடுவில் வருமோ அங்கிருந்து முழங்கை மடிப்புவரை அளவுங்கள். வளர்ந்த ஒருவருக்கு 13, 14 அங்குலம் அளவில் வரும். குளக்கட்டில் நின்று இரு கையாலும் வீசி, இரையை ஆட்டிப் பிடிப்பவருக்குப் பின்முனை அந்த மடிப்புக்குச் சற்று உள்ளே முடிவது நல்லது. அப்போது அது முன்கைக்குக் கீழே தடங்கல் இல்லாமல் போய்வரும். தெப்பத்தில் அல்லது வள்ளத்தில் இருந்துகொண்டு பிடிப்பவர் அதைவிட இரண்டு அங்குலம் குறைக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது பின்முனைக்கு மடியும் தொடையும் குறுக்கே வரும்.

முல்லைத்தீவுக் கரையில் நின்று பத்து, பன்னிரண்டு அடித் தடியால் அலைக்கு அப்பால் ஈயம் எறிவது முற்றிலும் வேறு கணக்கு. அங்கே பின்முனையைக் கக்கத்தில் வைத்து, கையைத் தடியோடு நீட்டுங்கள். கை போய் நிற்கிற இடம்தான் ரீலின் இடம். வீசும்போது கீழ்க்கை இழுக்கிறது, மேற்கை தள்ளுகிறது. இடைவெளி குறைந்தால் இழுக்க நெம்பு இல்லை. கூடினால் மேற்கை முழுதாக நீண்டுபோய்த் தள்ள வலு இல்லை. குளத்துத் தடியின் பிடியைக் கடல் தடிக்கு வைத்துவிட்டு, தூரம் போகவில்லை என்று பிளாங்க்கில் குற்றம் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கவைத்தடியில் சாத்திவிட்டுக் காத்திருக்கும் தடிக்கோ சமநிலையைப் பற்றி அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. அங்கே பாரத்தைத் தாங்குவது கவை.

அளவெடுக்கும்போது பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ரீலைப் பூட்டும் இருக்கையான ரீல் சீட்டின் விளிம்பிலிருந்து அளப்பது. சீட்டு நாலைந்து அங்குல நீளம். ரீலின் கால் அதன் நடுவில் எங்கோ நிற்கும். மரை முன்பக்கமா பின்பக்கமா என்பதைப் பொறுத்து அந்த இடமும் மாறும். விளிம்பை வைத்து அளந்தால் ஒரு அங்குலமோ இரண்டு அங்குலமோ தவறும். விலாவில் இடிப்பதற்கு அந்த இரண்டு அங்குலம் போதும்.

வன்னியில் காணக்கூடிய ஒரு ஆசையையும் சொல்ல வேண்டும். கதவு நிலை செய்து மிஞ்சிய முதிரைத் துண்டைக் கடைந்து பிடி போடுவது. மினுக்கினால் அதன் அழகுக்கு ஈடில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் முதிரை இறுகின, பாரமான மரம். மெல்லிய ஆறரையடித் தடிக்குப் பின்பிடி முழுவதும் முதிரை வைத்தால் நுனி வானத்தைப் பார்க்கும். சோளகக் காற்று அடிக்கிற நாளில் நுனி உயர்ந்து நின்றால் தங்கூசியைக் காற்று வில்லாக வளைத்துவிடும், மீன் தொட்டதே கைக்குத் தெரியாது. முதிரையைச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அங்குல வளையமாக வையுங்கள். மற்றதெல்லாம் கோர்க்கோ ஈவீஏ நுரையோ இருக்கட்டும்.

தடி நீளம் என்று தோன்றியதும் வாளை எடுப்பது இன்னொரு அவசரம். நுனியில் வெட்டினால் தடி விறைத்துவிடும், மெல்லிய இரை வீச உதவாது. பின்முனையில் வெட்டினால் குணம் அவ்வளவு மாறாது, ஆனால் துலாவின் கட்டைப் பக்கம் இன்னும் கட்டையாகி நுனி இழுக்கத் தொடங்கும். வெட்டுவதற்கு முன் சீட்டை ஒரு அங்குலம் மேலே ஏற்றிப் பாருங்கள். பின்பிடி நீள்கிறது, முன்பக்கம் குறைகிறது, இரண்டும் சேர்ந்து சமநிலையைத் திருத்தும்.

இதையெல்லாம் பசை தொட முன்னர் பார்த்துவிடலாம். ரீல் சீட்டைப் பிளாங்க்கில் ஏற்றி, மாஸ்கிங் டேப்பால் ஆடாமல் இறுக்குங்கள். பிடித் துண்டுகளைச் சும்மா ஏற்றுங்கள். வளையங்களையும் நுனி வளையத்தையும் அவை வர வேண்டிய இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். நீங்கள் பாவிக்கப்போகிற அதே ரீல், அதே தங்கூசி, அதே இரை. பிறகு குளத்துக்குப் போங்கள். வீட்டு விறாந்தையில் பார்ப்பது பாதிப் பரிசோதனைதான். இரையைத் தண்ணீரில் இழுக்கும்போது அது நுனியையும் சேர்த்து இழுக்கும், அது விறாந்தையில் தெரியாது. டேப் ஒட்டிய தடியைப் பலமாக வீசக்கூடாது. மெதுவாகப் பத்து யார் எறிந்து, அரை மணித்தியாலம் ஆட்டிப் பாருங்கள். பின்முனை எங்கே தொடுகிறது, மணிக்கட்டில் எந்தப் பக்கம் உளைகிறது என்று கவனியுங்கள். சீட்டை அரை அங்குலம் நகர்த்தி மறுபடி ஆட்டுங்கள். கை “இது” என்று சொல்லும் இடத்தில் ரீலின் காலுக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு.

அப்புறம்தான் பசை. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபொக்சி வேண்டாம்; எங்கள் வெக்கையில் அது ஐந்து நிமிடம்கூடத் தராது, சீட்டு கோட்டுக்கு வர முன்னரே இறுகிவிடும். நேரம் தரும் எபொக்சியை எடுத்து, காலைக் குளிர்ச்சியில் ஒட்டி, ஒருநாள் முழுவதும் தொடாமல் வையுங்கள். வளையங்களின் இடங்களை அதன் பிறகு ரீலில் இருந்து மீண்டும் அளந்து வைக்க வேண்டும். சீட்டு நகர்ந்திருந்தால் முதல் வளையமும் அதோடு நகர வேண்டும்.