செய்தியோடையில் எந்த விவரங்களைச் சேர்ப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செய்தித்தளத்தின் கட்டுரை, புதிய செய்திகளைப் பட்டியலிடும் கோப்பான ஓடை (ஃபீட்) வழியாக, வாசகரின் வாசிப்பானுக்கோ (ஓடைகளைப் படிக்க உதவும் செயலி) பல தளங்களின் செய்திகளை ஒன்றுசேர்க்கும் ஒரு திரட்டிக்கோ போய்ச்சேரும்போது, தளத்தின் வடிவமைப்பும் பட்டியல்களும் அதனுடன் போவதில்லை. தலைப்பு, இணைப்பு, நாள், எழுதியவர் பெயர், சுருக்கம், வகை, அடையாளக் குறி ஆகிய மீத்தரவுகள் (கட்டுரையைப் பற்றிய விவரங்கள்) மட்டுமே துணையாகச் செல்கின்றன. இவற்றில் எவற்றை வைப்பது, எவற்றை விடுவது என்பதைப் பெரும்பாலான தளங்களில் யாரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. மென்பொருள் எதைத் தருகிறதோ அதுவே நிலைத்துவிடுகிறது. ஓர் இடம் காலியாக இருப்பதைவிட அதில் பொய்யான விவரம் இருப்பதே வாசகருக்கு அதிகத் தீங்கு செய்கிறது என்பது இத்துறையில் நான் கண்ட அனுபவம்.

எல்லா இடங்களையும் நிரப்பியே ஆகவேண்டும் என்று எண்ணுவது முதல் தவறு. ஓடையை எழுதும் வடிவங்களில் ஒன்றான, 2002-இல் வெளிவந்த ஆர்எஸ்எஸ் 2.0 வரையறை, ஓடைக்குத் தலைப்பு, இணைப்பு, விவரிப்பு என்ற மூன்றை மட்டுமே கட்டாயமாகக் கேட்கிறது. ஓடைக்குள் வரும் ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு அல்லது விவரிப்பு இரண்டில் ஒன்று இருந்தால் போதும். 2005 டிசம்பரில் ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 4287 என்ற எண்ணில் வெளியான 'ஆட்டம்' (Atom) என்ற மற்றோர் ஓடை வடிவம் இதைவிடக் கண்டிப்பானது: ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளக் குறி, தலைப்பு, புதுப்பித்த நேரம் மூன்றும் வேண்டும், எழுதியவர் பெயர் பதிவிலோ ஓடையின் தலைப்பகுதியிலோ இருந்தாக வேண்டும். இவற்றுக்கு அப்பால் உள்ளவற்றை, உண்மையான மதிப்பு கையில் இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும்.

எழுதியவர் பெயரில் நடப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்எஸ்எஸ் 2.0-இன் 'ஆதர்' என்ற இடம் மின்னஞ்சல் முகவரிக்கு உரியது. இதை அறியாமல் பெயரை மட்டும் போடுவோரும் உண்டு; அறிந்து, செய்தியாளரின் சொந்த முகவரியை ஊரறியப் போட்டு அவருக்குக் குப்பை அஞ்சல்களைத் தேடித்தருவோரும் உண்டு. பெயரைத் தர விரும்பினால் அதற்கென டப்ளின் கோர் என்ற பொது மீத்தரவுத் தொகுதியில் 'கிரியேட்டர்' என்ற இடம் இருக்கிறது. அந்த இடத்திலும் பல தளங்களில் 'அட்மின்' என்ற சொல்லே நிற்கிறது. நாள் முழுதும் வெயிலில் நின்று செய்தி சேகரித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடம் அது. பெயரை வெளியிட முடியாத செய்தியானால் இதழின் பெயரைப் போடலாம்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் அடையாளக் குறி. ஆர்எஸ்எஸ்ஸில் 'ஜியூஐடி' என்றும் ஆட்டத்தில் 'ஐடி' என்றும் வழங்கும் இதை வைத்துத்தான் ஒரு செய்தி தனக்கு ஏற்கெனவே வந்ததா, புதியதா என்று வாசிப்பான் முடிவு செய்கிறது. நான் பணியாற்றிய ஒரு சிறு இதழின் தளத்தில் கட்டுரையின் இணைய முகவரியையே அடையாளக் குறியாகவும் பயன்படுத்தியிருந்தோம். ஒருநாள் தளத்தைப் பாதுகாப்பான இணைப்புக்கு மாற்றினோம். 'எச்டிடிபி' என்பது 'எச்டிடிபிஎஸ்' ஆனது. முகவரியில் ஓர் எழுத்து கூடிய அந்தக் காலையில், ஓடையில் இருந்த இருபது பழைய கட்டுரைகளும் சந்தாதாரர்களின் திரையில் படிக்காத புதிய செய்திகளாக வந்து நின்றன. இரண்டு வாரங்களுக்கு முந்தைய மழை எச்சரிக்கையும் அவற்றுள் ஒன்று. தளம் இடம்பெயர்ந்தாலும் இந்தக் குறி மாறவே கூடாது என்று ஆட்டம் வரையறை வெளிப்படையாகச் சொல்கிறது. ஆர்எஸ்எஸ்ஸில் குறிப்பாக எதுவும் சொல்லாவிட்டால், அந்தக் குறி திறக்கக்கூடிய நிலையான முகவரி என்றே கொள்ளப்படும். ஆகவே முகவரி அல்லாத குறியை வைப்பவர்கள் 'பெர்மாலிங்க் (நிலையான முகவரி) அன்று' என்று உரிய பண்பில் (isPermaLink) எழுதிவிட வேண்டும். வேர்ட்பிரஸ் என்ற தள மேலாண்மை மென்பொருள் இப்படித்தான் செய்கிறது. தரவுத்தளத்தில் கட்டுரைக்கு விழும் எண்ணைக் கொண்டு ஒரு குறியை ஆக்கி, அதைத் தொடாமல் விட்டுவிடுவதே என் பரிந்துரை.

நாளைக் குறிப்பதில் தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. தளத்தின் மொழியைத் தமிழாக்கியதும் ஓடையில் உள்ள நாளும் 'திங்கள், 06 செப்டம்பர்' என்று மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆர்எஸ்எஸ் பின்பற்றும் ஆர்எஃப்சி 822 முறையில் கிழமையும் மாதமும் ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சுருக்கங்களாகவே இருக்க வேண்டும். வேறு எழுத்தில் வந்தால் பல வாசிப்பான்கள் அந்த நாளைப் புரிந்துகொள்வதில்லை. நேர மண்டலத்தை 'ஐஎஸ்டி' என்று எழுதுவதும் அவ்வாறே. அம்முறையின் பட்டியலில் அந்தச் சுருக்கம் இல்லை. அயர்லாந்து, இஸ்ரேல் நேரங்களுக்கும் அதே மூன்றெழுத்து வழங்குவதால் குழப்பமும் உண்டு. சென்னைக்கும் கொழும்புக்கும் +0530 என்று எண்ணில் எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை.

ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதற்காக வெளியிட்ட நேரத்தை மாற்றுவது இதைவிடப் பெரிய பிழை. அப்படிச் செய்தால் நேற்றைய செய்தி இன்றைய வரிசையின் உச்சிக்கு ஏறிவிடும். ஆட்டத்தில் வெளியிட்ட நேரத்துக்கும் புதுப்பித்த நேரத்துக்கும் தனித்தனி இடங்கள் உள்ளன. எல்லாத் திருத்தங்களுக்கும் புதுப்பித்த நேரத்தை மாற்றத் தேவையில்லை. முக்கியம் என்று வெளியிடுபவர் கருதும் மாற்றத்துக்கே அது உரியது.

சுருக்கத்தை இயந்திரத்திடம் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலை தரும் தவறு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி போன்றவை) ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொண்டது. பைட்டுகளை எண்ணி வெட்டும் நிரல் ஓர் எழுத்தின் நடுவே வெட்டிவிட்டால், முறைகேடான அந்தப் பைட்டால் ஓடை எழுதப்பட்டுள்ள எக்ஸ்எம்எல் கோப்பு முழுவதையுமே வாசிப்பான் நிராகரிக்கக்கூடும். குறியீடுகளை எண்ணி வெட்டினாலும் சிக்கல் தீர்வதில்லை: 'தமிழ்' என்பது ஐந்து குறியீடுகள், நான்கில் நிறுத்தினால் புள்ளி கழன்று 'தமிழ' என்று நிற்கும். சரி, சொல்லெல்லையில் வெட்டலாம் என்றால், அங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினையும் எதிர்மறையும் கடைசியில் வருகின்றன. 'பேருந்துக் கட்டணம் உயர்த்தப்படும் என்று பரவிய செய்தி உண்மையல்ல' என்ற வாக்கியத்தைக் கடைசிச் சொல்லுக்கு முன் வெட்டினால், மறுப்பு போய், மறுக்கப்பட்ட செய்தி மட்டும் ஊரெங்கும் பரவும். வேர்ட்பிரஸ் இயல்பாக ஐம்பத்தைந்து சொற்களில் வெட்டுகிறது. நீண்ட தமிழ் வாக்கியத்தில் அது எங்கே விழும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் முடிந்த வாக்கியங்களாலான இரண்டு வரிச் சுருக்கத்தை ஆசிரியர் குழுவே எழுத வேண்டும். இயலாத நாளில் முதல் பத்தியை முழுமையாகத் தரலாம்.

வகைகளில் இதழ் உண்மையிலேயே பயன்படுத்தும் பிரிவுகள் இரண்டு மூன்று போதும். தேடலுக்காகப் போட்ட பதினைந்து குறிச்சொற்களைக் கொட்டினால் அவற்றைக் கொண்டு வடிகட்ட விரும்பும் வாசகர் கைவிட்டுவிடுவார். மொழிக்கு 'டிஏ' (ta) என்ற குறியீட்டை எழுதுங்கள். வார்ப்புருவில் இருந்த ஆங்கிலக் குறியீடு அப்படியே தங்கியிருக்கும் தமிழ் ஓடைகள் பல. படங்களின் முகவரியைத் தளத்தின் பெயரோடு முழுமையாகத் தராவிட்டால் வெளியே சென்றதும் படம் தெரியாது. ஒலிச்செய்தியை இணைப்பவர்கள் முகவரி, பைட் அளவு, கோப்பு வகை மூன்றையும் தர வேண்டும்.

தவறான செய்தியைத் திரும்பப் பெறும் நாளில்தான் இந்த முடிவுகளின் அருமை தெரியும். ஓடையிலிருந்து அதை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாசிப்பான் ஏற்கெனவே எடுத்து வைத்த படி (நகல்) அங்கேயே இருக்கும். நீக்கத்தை அறிவிக்க 2012-இல் ஆர்எஃப்சி 6721 என்று ஒரு வழி வகுக்கப்பட்டது. வாசிப்பான்கள் அதைக் கவனிக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. ஆகவே அதே அடையாளக் குறியில், வெளியிட்ட நேரத்தை மாற்றாமல், புதுப்பித்த நேரத்தை மட்டும் மாற்றி, தலைப்பிலேயே 'திருத்தம்' என்று தொடங்கி, எது தவறு என்று முதல் வரியில் எழுதி அனுப்புங்கள். குறி மாறாதிருந்தால், அதைப் பின்பற்றும் வாசிப்பானில் தவறான படியின் இடத்தில் திருத்தம் போய் அமரும்.