ஒரே சப்நெட்டில் உள்ள சர்வர்களை ஒன்றிடமிருந்து ஒன்றைப் பிரித்தல்

ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே ஐபி முகவரித் தொகுதியைப் பகிரும் வலையமைப்புப் பகுதியில், உள்ள சர்வர்கள் தமக்குள் பேசும்போது அந்தப் போக்குவரத்து ரவுட்டரின் ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை. ஆகவே தடுப்பைச் சுவிட்சிலேயே அமைக்க வேண்டும். ஒரு முதன்மை விலானையும் (VLAN, சுவிட்சுக்குள் பிரித்து அமைக்கும் மெய்நிகர் வலையமைப்பு) அதனுடன் இணைந்த தனிமை விலானையும் உருவாக்கி, சர்வர்களின் போர்ட்டுகளை ஒன்றோடொன்று பேச முடியாத தனிமை வகையிலும், ரவுட்டருக்குச் செல்லும் போர்ட்டை மட்டும் அனைத்துடனும் பேசக்கூடிய வகையிலும் வையுங்கள். தரவுத்தளமும் அதன் நகலும் போல ஒன்றையொன்று அணுகியே ஆகவேண்டிய சர்வர்களுக்குக் குழு விலான் உண்டு.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஒரு சர்வர், அண்டை சர்வரின் ஐபி முகவரிக்கான பாக்கெட்டை ரவுட்டரின் மேக் முகவரிக்கு (வன்பொருள் முகவரி) அனுப்பினால், ரவுட்டர் அதைக் கடமை தவறாமல் உரிய இடத்தில் சேர்த்துவிடும். எனவே ரவுட்டரின் அணுகல் பட்டியலில் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற விதிகள்) கேட்வே முகவரியை, அதாவது அந்தச் சப்நெட்டில் ரவுட்டரின் சொந்த ஐபி முகவரியை, முதலில் அனுமதித்து, அதே சப்நெட்டிலிருந்து அதே சப்நெட்டுக்குச் செல்லும் மற்றவற்றை மறுத்துவிடுங்கள். ஐபிவி6 இயங்கினால் அதற்கும் தனி விதி எழுத வேண்டும்.