பாம் ஸ்பிரிங்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்த இரண்டு கட்டுரைகளும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தில் தொடங்கின: "ஒன்றுமே இல்லாத பாலைவனத்தில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் உருவாக்கிய சொர்க்கபுரி." எழுதிய இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். சிரிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அந்த ஊரைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையின் முதல் வாக்கியமும் அதுவேதான்.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கிழக்கே 170 கிலோமீட்டர் போனால் சான் ஹசின்டோ மலையடிவாரத்தில் இருக்கிறது பாம் ஸ்பிரிங்ஸ். குளிர்கால வார இறுதிகளில் தமிழ்க் குடும்பங்களை அங்கே அழைத்துப்போய், தெருத்தெருவாக நடக்க வைத்துக் கதை சொல்வது என் வழக்கம். புதிதாக எழுத வருகிறவர்கள் நான் விழுந்த பள்ளங்களிலேயே வரிசையாக விழுவதைப் பார்த்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். ஆண்டு எண்ணைச் சரிபார்க்க வேண்டும், பெயரில் எழுத்துப்பிழை கூடாது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் எழுதவே வரக்கூடாது.

'ஒன்றுமே இல்லாத' பாலைவனம்

ஊரின் நடுவே, இன்றைய கடைத்தெருவுக்குப் பக்கத்திலேயே, ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கவீயா பழங்குடி மக்கள் அதற்கு வைத்த பெயரின் பொருள், கொதிக்கும் நீரின் ஓசை. பின்னால் வந்த ஸ்பானியர்கள் 'அக்வா கலியென்டே', அதாவது வெந்நீர் என்றார்கள். ஊற்றுக்கு உரிய மக்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 2018ல் அங்கே புதிய குளியல் நிலையம் கட்டத் தோண்டியபோது 8,000 ஆண்டுகளுக்கும் முந்தைய பொருட்கள் கிடைத்தன. 'ஒன்றுமே இல்லாத' என்ற சொல்லுக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டியதில்லை.

ஊரின் பெயரில் உள்ள 'பாம்' பேரீச்சை அல்ல. பேரீச்சை வெளியிலிருந்து வந்தது. இங்கே இயற்கையாக வளர்வது நம் பனையைப் போல விசிறி மட்டை கொண்ட மரம். காய்ந்த மட்டைகள் உதிராமல் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். கவீயா மக்கள் அதன் பழத்தைத் தின்றார்கள், ஓலையால் கூரை வேய்ந்தார்கள். பனையை அறிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனாலும் வருகிற கட்டுரைகளில் எல்லாம் பேரீச்சந்தோப்பாகவே இருக்கிறது.

நோயாளிகளை மறந்துவிடுவது

நட்சத்திரங்களுக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் நோயாளிகள். சான் பிரான்சிஸ்கோ வழக்கறிஞர் ஜான் மெக்கல்லம் 1884ல் குடும்பத்தோடு இங்கே குடியேறியதற்கு, நோயுற்ற மகனுக்கு வறண்ட காற்று நல்லது என்பதே காரணம். பழத்தோட்டம் போட நினைத்து, ஒயிட்வாட்டர் ஆற்றிலிருந்து சுமார் 30 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினார். 1893ல் வெள்ளம் வந்தது. அதன் பின் பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த வறட்சி. தோட்டம் போயிற்று. வெல்வுட் மரே 1886ல் திறந்த விடுதியும், நெல்லி காஃப்மன் 1909ல் தொடங்கிய 'டெசர்ட் இன்' விடுதியும் காற்று மாற்றத்துக்கு வந்தவர்களை நம்பி நடந்தவை. நுரையீரல் நோயாளிகள் இருமிக்கொண்டிருந்த ஊர் பணக்காரர்கள் வெயில் காயும் ஊராக எப்படி மாறியது என்பதே சுவையான கதை. அதைத் தாண்டிக் குதித்து நேராக நீச்சல் குளத்தில் விழாதீர்கள்.

'இரண்டு மணி நேர விதி'

நடிகர்கள் ஸ்டுடியோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் இருந்ததாம், அதனால்தான் எல்லோரும் இங்கே வந்தார்களாம். நானும் பலமுறை சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண், "அந்த ஒப்பந்தத்தில் ஒரு பக்கமாவது பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது தொலைவை மட்டும் சொல்கிறேன். சார்லஸ் ஃபாரல், ரால்ஃப் பெல்லமி என்ற இரு நடிகர்கள் 1934ல் தொடங்கிய டென்னிஸ் மன்றத்தைப் பற்றியும் சொல்கிறேன். அது போதுமானதாக இருக்கிறது.

'ஆக்கிரமிப்பாளர்கள்'

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நில விவரம். அமெரிக்க அரசு இந்தப் பள்ளத்தாக்கைச் சதுர மைல் கணக்கில் கட்டம் கட்டி எண்ணிட்டது. ஒற்றைப்படைக் கட்டங்கள் ரயில் கம்பெனிக்குப் போயின. 1876ல் தொடங்கிய ஒதுக்கீட்டில் இரட்டைப்படைக் கட்டங்கள் பழங்குடியினருக்கு வந்தன. வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகைதான். வெந்நீர் ஊற்றை உள்ளடக்கிய 14ஆம் கட்டம், அதாவது 'செக்‌ஷன் 14', 640 ஏக்கர், ஊரின் மையத்திலேயே விழுந்தது. மேற்கே இண்டியன் கேன்யன் டிரைவ், கிழக்கே சன்ரைஸ் வே, வடக்கே அலெஹோ சாலை, தெற்கே ரமோன் சாலை. ஒரு காலையில் சுற்றி நடந்துவிடலாம்.

நிலம் பழங்குடியினருடையது, ஆனால் அதை அவர்கள் விருப்பம்போல் பயன்படுத்த முடியாது. நெடுங்காலம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடச் சட்டம் இடம் தரவில்லை. ஐந்தாண்டுக் குத்தகையை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? யார் கல்வீடு கட்டுவார்கள்? ஆகவே அங்கே எழுந்தவை மரவீடுகள், தகரக் கொட்டகைகள், இழுவை வண்டி வீடுகள். வாடகைக்கு வந்தவர்கள் கறுப்பினத்தவர், மெக்சிகோ வம்சாவளியினர், பிலிப்பினோக்கள், ஏழை வெள்ளையர் சிலர். விடுதிகளில் படுக்கை விரித்தவர்களும், பணக்கார வீடுகளில் சமைத்தவர்களும், கட்டட வேலைக்குப் போனவர்களும் இவர்கள்தாம். ஊரின் மற்றப் பகுதிகளில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரங்களிலேயே எழுதியிருந்த காலம் அது. இவர்களுக்குப் போக வேறு இடமில்லை. நகராட்சியோ இங்கே சாலை, சாக்கடை என்று எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. செய்யாமல் விட்டுவிட்டுப் பிறகு அதையே காட்டி 'அசிங்கம்' என்றது.

1959ல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சட்டம் வழி திறந்தது. ஒரே நாளில் அந்த 640 ஏக்கர் தங்கமாகிவிட்டது. உடனே பழங்குடியினருக்குத் தங்கள் சொத்தைத் தாங்களே நிர்வகிக்கத் திறமை போதாது என்று சொல்லி, நீதிமன்றம் பலருக்குக் காப்பாளர்களை நியமித்தது. வழக்கறிஞர்கள், வீட்டுமனைத் தரகர்கள் என்று ஊர்ப் பெரிய மனிதர்களே காப்பாளர்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. காப்பாளர்கள் அடித்த கொள்ளையை வெளிக்கொண்டுவந்ததற்காக ரிவர்சைடு நகரப் பத்திரிகை ஒன்றுக்கு 1968ல் புலிட்சர் பரிசே கிடைத்தது. இதற்கிடையே வாடகைக்கு இருந்தவர்களை வெளியேற்ற ஆணைகள் வாங்கினார்கள். நகராட்சி புல்டோசர் கொண்டுவந்தது. தீயணைப்புத் துறையே வீடுகளைக் கொளுத்தியது. வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் வீடிருந்த இடத்தில் சாம்பலைக் கண்டதாகப் பின்னாளில் சொன்னார்கள். 1968ல் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரல் அலுவலக அறிக்கை இதை 'நகராட்சியே வடிவமைத்து நடத்திய பேரழிவு' என்ற பொருளில் கண்டித்தது. ஆனால் குற்றமாகக் கருதி எவர் மீதும் வழக்குப் போடவில்லை.

இனி என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வார இறுதிப் பயணத்துக்காகச் சிறு கையேடு அச்சிட்டேன். முந்நூறு பிரதிகள், என் காசு. தமிழ் படிக்காத பிள்ளைகளுக்காகக் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலச் சுருக்கமும் போட்டேன். செக்‌ஷன் 14 பற்றி அதில் இருந்தது ஒரே வரி: "பழங்குடியினர் நிலத்தை ஆக்கிரமித்திருந்தவர்கள் அகற்றப்பட்டு நகரம் அழகுபடுத்தப்பட்டது." நான் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் எழுதவில்லை. நம்மூர்ச் செய்தித்தாளில் வாரம் ஒருமுறை 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று படித்து வளர்ந்தவனுக்குப் பேனா தானாகவே அந்தச் சொல்லுக்குப் போயிற்று.

வாடகைப் பேருந்தின் ஓட்டுநர் வயதான கறுப்பினத்தவர். நாங்கள் மதிய உணவு முடித்து வருவதற்குள், இருக்கையில் கிடந்த கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்திருக்கிறார். நான் ஏறியதும் அதை என்னிடம் நீட்டி ஒன்று மட்டும் சொன்னார்: "என் அம்மா ஒவ்வொரு மாதமும் வாடகை கொடுத்தார்." பிறகு வண்டியைக் கிளப்பினார். 170 கிலோமீட்டர் தூரமும் அவர் வேறு பேச்சே பேசவில்லை. நான் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

மீதிப் பிரதிகளைக் காகிதக் கழிவில் போட்டேன். கொடுத்துவிட்டவற்றை என்ன செய்வது? இன்றும் யார் வீட்டு அலமாரியிலோ அந்த வரி உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான்.

இதிலிருந்து தப்ப நினைப்பவர்கள் நேர் எதிர்ப் பக்கத்தில் போய் முட்டிக்கொள்வதும் உண்டு. "நிலம் பழங்குடியினருடையது, ஆகவே விரட்டியவர்களும் அவர்களே" என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் பிழை. நிலத்திலிருந்து நியாயமான வருமானம் வேண்டும் என்று அவர்கள் விரும்பியது உண்மை. ஆனால் கையெழுத்துப் போட்ட கை பெரும்பாலும் காப்பாளருடையது, தீ வைத்த கை நகராட்சியுடையது. மூன்று தரப்பையும் சொல்ல இடமில்லை என்றால் அந்தப் பத்தியையே எழுதாதீர்கள்.

நகராட்சி 2021ல் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில், அங்கே குடியிருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் 59 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த 14ஆம் கட்டத்தில் இன்று மாநாட்டு மண்டபமும் பழங்குடியினரின் சூதாட்ட விடுதியும், 2023ல் திறந்த அவர்களுடைய அருங்காட்சியகமும் இருக்கின்றன.

கட்டடங்களைத் தனிக்கதையாகச் சொல்வது

தட்டைக் கூரை, கண்ணாடிச் சுவர், வண்ணத்துப்பூச்சி இறக்கை போல விரிந்த கூரை. இவற்றைப் பார்க்கவே பிப்ரவரியில் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ரிச்சர்ட் நியூட்ரா கட்டிய காஃப்மன் வீடு (விடுதி நடத்திய நெல்லியின் குடும்பம் அல்ல) 1946, ஸ்டூவர்ட் வில்லியம்ஸ் ஃபிராங்க் சினாட்ராவுக்குக் கட்டிய வீடு 1947, ஆல்பர்ட் ஃப்ரே பங்காற்றிய நகராட்சிக் கட்டடம் 1952, அவருடைய பெட்ரோல் நிலையம் 1965. கடைசியாகச் சொன்னது இப்போது பயணிகள் தகவல் மையம். இந்த ஆண்டுகளை மேலே சொன்ன ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி வீடுகள் எழுந்ததும் மரவீடுகள் எரிந்ததும் ஒரே ஊரில், ஒரே தலைமுறையில். இரண்டையும் இரண்டு கட்டுரைகளாகப் பிரித்து எழுதுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

கோச்செல்லா இசை விழா

அது நடப்பது இண்டியோ நகரில்.

ஜோஷுவா மரம்

இங்கே வளராது. வடக்கே, உயரமான மொஹாவி பாலைவனத்தில் வளரும். பாம் ஸ்பிரிங்ஸ் இருப்பது சொனோரப் பாலைவனத்தில்.

'கஹுயில்லா'

கவீயா.

டாக்விட்ஸைப் பேயாக்குவது

கவீயா மரபில் டாக்விட்ஸ் ஒரு மந்திரவாதி. தன் ஆற்றலைத் தவறாகப் பயன்படுத்தியதால் விரட்டப்பட்டு, தன் பெயரைத் தாங்கிய மலைப்பிளவில் வாழ்கிறவன். அதை 'அமெரிக்கப் பேய்க் கதை' என்று தலைப்பிட்டு ஒருவர் அனுப்பினார். நானும் ஒரு காலத்தில் 'அந்த ஊர் முனீஸ்வரன்' என்று எழுதியவன்தான். முனிக்குப் படையல் போட்டு வேண்டிக்கொள்கிறோம். டாக்விட்ஸிடம் யாரும் வேண்டிக்கொள்வதில்லை, ஒதுங்கிப்போகிறார்கள். ஒப்புமை கேட்க இனிமையாக இருக்கும், பொருள் மட்டும் தலைகீழாகிவிடும்.

ஜூலையில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவது

2024 ஜூலையில் அங்கே 51.1 டிகிரி செல்சியஸ் பதிவானது. தெருவில் ஆள் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஊர் செத்துவிட்டது என்று எழுதி அனுப்பாதீர்கள்.

அந்த இரண்டு கட்டுரைகளையும் சிவப்பு மையால் குறித்துத் திருப்பி அனுப்பினேன். போன வாரம் அவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, நீங்கள் சொன்னபடியே 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்பதை எடுத்துவிட்டேன். 'சேரிவாசிகள்' என்று போட்டிருக்கிறேன், சரிதானே?"

மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.