தடைக்கெல்லாம் பக்திப் பேர் வைக்காதீங்க: கிறிஸ்தவக் கலைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டு எழுதுறவங்க, படம் வரையறவங்க, கதை, நாடகம், ஷார்ட் ஃபிலிம்னு ஏதாவது பண்ற கிறிஸ்தவங்ககிட்ட "என்ன ரொம்ப நாளா ஒண்ணும் காணோமே"ன்னு கேட்டுப் பாருங்க, பதில் பெரும்பாலும் பக்தியாத்தான் வரும். "கர்த்தருடைய வேளைக்காகக் காத்திருக்கேன்", "சத்துரு தடை பண்றான்", "இன்னும் பாரம் வரல", "இது தேவசித்தமான்னு தெரியல". இதெல்லாம் சில நேரம் உண்மையாவும் இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா நெறைய நேரம் அதுக்குப் பின்னாடி இருக்கறது பயம், சோம்பல், தூக்கமில்லாதது, பயிற்சி பத்தாதது, இல்லன்னா ராத்திரி ஒரு மணி வரைக்கும் போன் பாக்குறது. இப்படி சாதாரண தடைக்கு ஆவிக்குரிய பேர் வெச்சுட்டா அதை யாரும் கேள்வி கேக்க முடியாது, நாமளும் கேக்க மாட்டோம், அதனால சரி பண்ணவும் மாட்டோம். கீழ நான் சொல்றது முக்காவாசி இந்த ஒரே வேர்லருந்து முளைக்கிற தவறுகள்தான்.

முதல்ல அந்த "அபிஷேகம் வரட்டும், அப்புறம் எழுதலாம்". யாத்திராகமம் 31ல கடவுள் ஒருத்தரைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டு, இவனை என் ஆவியால நிரப்பினேன்னு சொல்றார். அந்த ஆள் தீர்க்கதரிசி கிடையாது, ஆசாரியனும் கிடையாது, யூதா கோத்திரத்து பெசலெயேல், கைவேலைக்காரர். சரி, ஆவியால நிரம்பி அவர் என்ன பண்ணார்னு பாத்தா பொன் வேலை, வெள்ளி வேலை, வெண்கல வேலை, கல்லு வெட்டிப் பதிக்கிறது, மரத்துல சித்திரம் செதுக்கறது. கடவுளை ஆராதிக்கிற கூடாரத்துக்கான குத்துவிளக்கை ஒரு தாலந்து பொன்னுல, அதாவது சுமார் 30 கிலோ, அடிப்புவேலையா செய்யணும், கிளை, மொக்கு, பூ எல்லாம் அதுலயே வரணும்னு உத்தரவு. யோசிச்சுப் பாருங்க, அவ்ளோ பொன்னை சுத்தியலால தட்டித் தட்டியே பூவா ஆக்கணும். அபிஷேகம் அங்க உழைப்புக்குப் பதிலா வரல, உழைப்புக்குள்ளதான் வந்துச்சு. அதே புத்தகம் 35ஆம் அதிகாரத்துல இன்னொண்ணும் இருக்கு, பெசலெயேலுக்கும் தாண் கோத்திரத்து அகோலியாபுக்கும் மத்தவங்களுக்குக் கத்துக்கொடுக்கிற வரமும் குடுத்தார்னு. அப்ப கத்துக்கறதும் பரிசுத்தமான வேலைதானே? "எனக்கு ஆண்டவரே நேரா கத்துக்குடுத்தார், நான் யார்கிட்டயும் போகல"ன்னு பெருமையா சாட்சி சொல்றத கேட்டா எனக்குக் கொஞ்சம் பயமாவே இருக்கும்.

பாக்ன்னு சொல்ற ஜெர்மன் இசையமைப்பாளர் 1723ல லீப்சிக் நகரத்து சபைகளுக்கு இசைப் பொறுப்புக்கு வந்தப்புறம் முதல் சில வருஷம் கிட்டத்தட்ட ஞாயிறுக்கு ஒரு புது கான்டாட்டா, அதாவது பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து பாடற பல பகுதி உள்ள இசைப்படைப்பு, எழுதியிருக்கார். எழுதணும், ஒவ்வொரு பாடகருக்கும் வாத்தியத்துக்கும் பிரதி எடுக்க வைக்கணும், பயிற்சி குடுக்கணும், ஞாயித்துக்கிழமை காலைல பாடணும், அடுத்த நாளே அடுத்தது. அவரோட கையெழுத்துப் பிரதிகள் பலதுல மேல 'ஜே.ஜே.'னு இருக்கும், இயேசுவே உதவி செய்யும்னு அர்த்தம், கடைசில 'எஸ்.டி.ஜி.', தேவனுக்கு மட்டுமே மகிமைன்னு. மேல ஒரு வரி ஜெபம், கீழ ஒரு வரி ஸ்தோத்திரம், நடுவுல பக்கம் பக்கமா நோட்ஸ். நம்மள்ல பலருக்கு மேல உள்ள ஜெபமே மூணு மாசம் ஓடுது.

அதனால செய்ய வேண்டியது ரொம்ப சாதாரணமானதுதான். தினமும் ஒரே நேரம், அரை மணியோ ஒரு மணியோ, ஜெபிச்சுட்டு உக்காருங்க, வந்தாலும் வராட்டியும் அந்த நேரம் முடியற வரை எந்திரிக்காதீங்க. முதல் டிராஃப்ட் கேவலமாத்தான் இருக்கும், இருக்கட்டும்.

இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் ஒண்ணு உண்டு, உடம்பும் மனசும் தேஞ்சு போனதைக்கூட "சாத்தானின் தாக்குதல்"னு மட்டும் சொல்லிட்டு இன்னும் ரெண்டு உபவாசம் சேத்துப் போடறது. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ உக்காந்து "போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கோ"ன்னு சொன்னப்ப தூதன் முதல்ல குடுத்தது பிரசங்கம் இல்ல, சுட்ட அடையும் தண்ணியும். சாப்ட்டார், தூங்கினார், திரும்ப எழுப்பி சாப்பிட வெச்சான். கடவுள் மெல்லிய சத்தத்துல பேசினதெல்லாம் அதுக்கப்புறம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போனப்புறம்தான். வாரக்கணக்கா தூக்கமில்ல, எதுலயும் பிடிப்பில்ல, அழுகை வருதுன்னா டாக்டரைப் பாருங்க, கவுன்சிலரைப் பாருங்க. அது விசுவாசக் குறைவு கிடையாது.

அடுத்து, எனக்கு ரொம்ப எரிச்சலான ஒண்ணு. எல்லாப் படைப்பும் பிரசங்கம் பண்ணியே ஆகணும்ங்கற எண்ணம். ஓவியம்னா புறா, சிலுவை, மேகத்துலருந்து ஒளிக்கீற்று, கீழ ஒரு வசனம். குறும்படம்னா குடிகாரர் ஒருத்தர், 12ஆவது நிமிஷத்துல ஒரு கைப்பிரதி கிடைக்கும், 14ஆவது நிமிஷத்துல மனந்திரும்பிடுவார். பாக்கறவங்களுக்கு முடிவு முதல் காட்சியிலயே தெரியும், அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகறதில்ல. இப்படிப் பண்றவங்ககிட்ட கேட்டா "சுவிசேஷம் தெளிவா இருக்கணும்ல"ன்னு சொல்வாங்க. ஆனா வேதத்தையே பாருங்க. எஸ்தர் புத்தகத்துல கடவுளோட பேர் ஒரு தடவைகூட நேரடியா வராது. நல்ல சமாரியன் கதைக்குள்ள ஆசாரியனும் லேவியனும் வர்றாங்க, கடவுள் வர்றதில்ல, இயேசு அந்தக் கதைய சொல்லி முடிச்சதும் விளக்கம் குடுக்காம திரும்ப ஒரு கேள்விதான் கேக்கறார். கெட்ட குமாரன் கதைல மூத்தவன் வீட்டுக்குள்ள வந்தானா இல்லையான்னு சொல்லாமலே விட்டுட்டார். நம்ம ஆட்கள் எடுத்திருந்தா அவன் உள்ள வந்து அழுது பேக்ரவுண்ட்ல ஆராதனைப் பாட்டு ஓடியிருக்கும்.

அழகுக்காகவே சில விஷயம் செய்யச் சொன்னதும் வேதத்துல இருக்கு. பிரதான ஆசாரியனோட அங்கி ஓரத்துல மாதுளம்பழ வடிவம் தொங்கவிடணும், இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்ல. இளநீல மாதுளம்பழத்தை எந்த மரத்துல பாத்தீங்க? சாலொமோன் ஆலயத்து ரெண்டு தூண் உச்சியில லீலிப் பூ வேலைப்பாடு, வரிசை வரிசையா மாதுளம்பழம். ஆலயத்தை ரத்தினக் கற்களால அலங்காரத்துக்காகவே இழைச்சான்னு 2 நாளாகமம் 3ல நேராவே எழுதியிருக்கு. அதனால நீங்க ஒரு மழைய வரைஞ்சா அது மழையாவே இருக்கலாம், பாட்டி சமைக்கிறத எழுதினா அது பாட்டி சமைக்கிறதாவே இருக்கலாம், கடைசி பாராவுல வசனம் ஒட்டணும்னு கட்டாயம் இல்ல. ஒட்டினா தப்புன்னும் நான் சொல்லல, சபைக்குன்னே பண்ற வேலை தனி வகை, அதுல வசனம் நடுவுல இருக்கறதுதான் நியாயம். இது எதுக்காக, யாருக்காகப் பண்றோம்னு முன்னாடியே முடிவு பண்ணாம ரெண்டையும் குழப்பிக்கிறதுதான் சிக்கல்.

துக்கத்தை மறைக்கிறதும் இதோட கூடவே வர்ற நோய். ஜெயம், வெற்றி, சந்தோஷம் மட்டும்தான் கிறிஸ்தவக் கலைன்னு நினைச்சு உள்ள இருக்கற நிஜமான விஷயத்தை தள்ளி வெச்சுட்டா எழுதறதுக்கு மிச்சம் என்ன இருக்கு? அப்புறம் "ஐடியா வரமாட்டேங்குது"ன்னு சொல்றோம். ஐடியா வந்துச்சு, நாமதான் இது விசுவாசம் இல்லாத மாதிரி தெரியும்னு திருப்பி அனுப்பிட்டோம். 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசிங்க, ஆரம்பத்துலருந்து புலம்பல், கடைசி வரியும் இருட்டுலதான் முடியுது, "ஆனாலும் உம்மைத் துதிப்பேன்"னு ஒரு திருப்பம் வரவே வராது. அதையும் சபையில பாடத்தான் வெச்சிருக்காங்க. புலம்பல் புத்தகம் இன்னும் ஆச்சரியம். எருசலேம் எரிஞ்சு, பசியில பிள்ளைங்க செத்து, அப்படி ஒரு அழிவைப் பத்தி எழுதினவர் அதை எபிரெய எழுத்து வரிசையில அடுக்கி எழுதியிருக்கார். 22 எழுத்து, அதனால 1, 2, 4ஆம் அதிகாரங்கள்ல 22 வசனம், 3ஆம் அதிகாரத்துல எழுத்துக்கு மூணு வசனம்னு 66. மனசு உடைஞ்சவர் உக்காந்து வரிசை பாத்து எழுதியிருக்கார். துக்கம் உண்மையா இருந்தா வடிவம் ஏனோதானோன்னு இருக்கலாம்னு அவர் நினைக்கல.

இப்ப குற்ற உணர்ச்சி. "இது லௌகீகம், இதுல என் பெருமைதான் இருக்கு, ஊழியம் பண்ண வேண்டிய நேரத்துல நான் கவிதை எழுதிட்டு இருக்கேன்"னு நினைச்சு நல்ல கலைஞர்கள் பலர் நிறுத்திடறாங்க. ஹாப்கின்ஸ்னு ஒரு ஆங்கிலக் கவிஞர், 1868ல இயேசு சபைங்கற கத்தோலிக்கத் துறவற சபைல சேந்தப்போ அதுவரை எழுதின கவிதைகளை எரிச்சுட்டார். யாரும் எரிக்கச் சொல்லல. இது என் அழைப்புக்குப் பொருந்தாது, மேலதிகாரி விரும்பினா ஒழிய இனி எழுத மாட்டேன்னு அவரே முடிவு பண்ணிக்கிட்டார். ஏறக்குறைய 7 வருஷம் கவிதைன்னு பெரிசா ஒண்ணும் இல்ல. 1875 கடைசில ஒரு கப்பல் மூழ்கி 5 கன்னியாஸ்திரிகள் இறந்து போறாங்க, அவரோட மேலதிகாரி, யாராவது இதைப் பத்தி ஒரு கவிதை எழுதினா நல்லாருக்கும்னு சும்மா ஒரு வார்த்தை விடறார், அது போதுமா இருந்துச்சு, நீளமா, யாரும் அதுவரை கேக்காத ஒரு தாளத்துல வந்து விழுந்துச்சு. சபையோட பத்திரிகைக்கு அனுப்பினார், அவங்க போடல. 1889ல இறந்துட்டார், 1918லதான் நண்பர் ஒருத்தர் கவிதைகளைத் தொகுத்து புத்தகமா கொண்டு வந்தார், இன்னைக்கு ஆங்கிலக் கவிதையில தவிர்க்க முடியாத பேர். அவர் பண்ணது தப்பா சரியான்னு தீர்ப்பு சொல்ல நான் யாரு. ஆனா கேக்காமலே "கடவுளுக்கு இது பிடிக்காது"ன்னு முடிவு பண்றதும், ஒரே ஒரு பெரியவர் சொன்ன ஒரு வார்த்தை அதைத் திறந்து விட்டதும் கவனிக்க வேண்டியது. உங்க சபையில அந்த மாதிரி ஒருத்தர் இருந்தா போய் வெளிப்படையா பேசுங்க. நீங்களே உள்ளுக்குள்ள நீதிமன்றம் நடத்தி நீங்களே தண்டனை குடுத்துக்காதீங்க.

"விக்கிரகம் ஆயிடாதா"ன்னு கேக்கறவங்களுக்கு: உருவம் செய்யாதேன்னு கட்டளை குடுத்த அதே யாத்திராகமத்துல, ஒரு அஞ்சு அதிகாரம் தள்ளி, பொன்னுல ரெண்டு கேருபீன், அதாவது சிறகுள்ள தூதர் உருவம், செய்யச் சொல்றார். மோசே வெண்கல சர்ப்பம் செஞ்சதும் கடவுள் சொல்லித்தான். பல நூற்றாண்டு கழிச்சு எசேக்கியா ராஜா அதை உடைச்சுப் போட்டார், ஏன்னா ஜனங்க அதுக்குத் தூபம் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. செஞ்சது பிரச்சனை இல்ல, தூபம்தான் பிரச்சனை. அந்தக் கணக்குல பாத்தா, பாட்டை அப்லோட் பண்ணிட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வியூஸ் எத்தனைன்னு பாக்குறது எந்த வகைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லல.

நேரம், காசு பத்தியும் பேசணும், ஏன்னா நிஜமான தடை பலருக்கு இதுதான். டிசைன் தெரியும்னு தெரிஞ்சா போதும், கூட்டத்துக்கு பேனர், போஸ்டர், வீடியோ எடிட்டிங், எல்லாம் "ஊழியம்தானே"ன்னு ராத்திரி 11 மணிக்கு மெசேஜ் வரும், காலைல வேணும்னு. எல்லாத்துக்கும் ஆமா சொல்லிட்டு, சொந்த வேலைக்கு நேரமே இல்லன்னு அப்புறம் புலம்பறது. மாசம் இத்தனை வேலைதான் இலவசமா பண்ண முடியும், இத்தனை நாள் முன்னாடி சொல்லணும்னு முதல்லயே சொல்லிடுங்க, நல்லவங்க புரிஞ்சுப்பாங்க. வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன்னு இயேசுவே சொல்லியிருக்கார், கூலி வாங்கினா வரம் குறைஞ்சு போயிடாது. அதே நியாயம் நமக்கும் பொருந்தும், அடுத்தவரோட டியூனையோ படத்தையோ அனுமதி இல்லாம எடுத்துட்டு "கர்த்தருக்காகத்தான்"னு சொன்னா அது திருட்டுதான். (கூடாரம் கட்டறப்போ ஜனங்க அளவுக்கு மீறி காணிக்கை கொண்டு வந்ததால, போதும், இனி கொண்டு வராதீங்கன்னு மோசே பாளயம் முழுக்க அறிவிக்க வேண்டியதாச்சு, யாத்திராகமம் 36. இப்படி ஒரு அறிவிப்பைக் கேக்க எந்தக் கலைஞனுக்குக் குடுத்து வெச்சிருக்கு!)

கடைசியா, விமர்சனத்தை அடைக்கிறது. "இது ஆண்டவர் குடுத்த பாட்டு"ன்னு சொல்லிட்டா, ரெண்டாவது சரணம் இழுக்குதுன்னு எவன் சொல்லுவான்? சபையும் கை தட்டிடும், அவங்க உங்களை நேசிக்கிறாங்க, உங்க பாட்டை எடை போட அவங்க அங்க உக்காரல. தாவீது காலத்துல பாடகர்கள் 288 பேர், எல்லாரும் கத்துத் தேறினவங்கன்னு 1 நாளாகமம் 25 சொல்லுது, வாத்தியத்தை நேர்த்தியா வாசிங்கன்னு 33ஆம் சங்கீதம் சொல்லுது. நேர்த்தி இருக்கான்னு எப்படித் தெரியும், தெரிஞ்ச ஒருத்தர் கேட்டு சொன்னாத்தானே. அதனால உங்க துறையில விஷயம் தெரிஞ்ச, உங்க சபையில இல்லாத, முடிஞ்சா விசுவாசியாவே இல்லாத ஒருத்தர்கிட்ட வேலைய காட்டுங்க. "நல்லாருக்கா"ன்னு கேக்காதீங்க, நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. எந்த இடத்துல போரடிச்சுது, எந்த இடத்துல நம்ப முடியலன்னு கேளுங்க, கேட்டுட்டு பதில் பேசாம குறிச்சுக்கிட்டு வாங்க, ஒரு வாரம் கழிச்சு அந்த இடத்தை மட்டும் திரும்ப எழுதுங்க.