குரல் உடையிற இடத்தை சரி பண்றது எப்படி

டர்பன் சாட்ஸ்வொர்த்ல என்கிட்ட தேவாரம் படிக்க வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேர் ஸ்கூல் கொயர்லயும் பாடுறாங்க, அங்க ஹெட் வாய்ஸ்ல மெல்லிசா பாடச் சொல்றாங்க, கோயிலுக்கு வந்தா நல்லா தொண்டையத் திறந்து பாடுன்னு பெரியவங்க சொல்றாங்க, பிள்ளைங்க பாவம் நடுவுல திணறுதுங்க. ரெண்டுமே ஒரே தொண்டைதான். குரல்நாண் தடிச்சு அதிர்ந்தா கனமான செஸ்ட் வாய்ஸ், இழுபட்டு மெலிசானா சன்னமான ஹெட் வாய்ஸ். மேல ஏற ஏற தடிப்பை விட்டுக்கொடுக்கணும், விடாம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஏறினா ஒரு இடத்துல டபக்குன்னு உடையும்.

முதல்ல அந்த இடம் எதுன்னு பாருங்க. 5 கட்டை சுருதியில (ஸட்ஜம் G) பாடுற பொண்ணுங்களுக்கு பெரும்பாலும் மத்திய ஸ்தாயி, அதாவது நடு வரிசையில தைவதம் (த), நிஷாதத்துல (நி) இருந்து மேல் ஸட்ஜம் (ஸ) வரைக்கும் ஆட்டம் காணும், 1 கட்டை சுருதியில (ஸட்ஜம் C) பாடுற ஆம்பளைங்களுக்கு மேல் ரிஷபம் (ரி), காந்தாரம் (க), மத்திமம் (ம) பக்கம். 'ஆ'ன்னு வழுக்கிட்டே மேல போங்க, தட்டுற ஸ்வரத்தை நோட்டுல எழுதி வைங்க.

அப்புறம் ஸ்ட்ரா. அரை டம்ளர் தண்ணியில ரெண்டு விரக்கடை முக்கி, ஊதிக்கிட்டே 'ஊ'ன்னு கீழயும் மேலயும் போயிட்டு வாங்க, 5 நிமிஷம் போதும். குமிழி சீரா வரணும், தட்டுற இடத்துல பொங்கி தண்ணி தெறிச்சா நீங்க காத்தைத் தள்ளுறீங்கன்னு அர்த்தம்.

இதுக்கு அடுத்ததுதான் முக்கியம். நாம எல்லாரும் கீழ இருந்து ஏறியே சாதகம் பண்ணிப் பழகிட்டோம், உடையிற குரலுக்கு இறக்கம்தான் மருந்து. மேல் ஸட்ஜத்தை 'ஊ'ன்னு சன்னமா பிடிச்சு ஒவ்வொரு ஸ்வரமா இறங்குங்க, சத்தம் கூட்டாதீங்க, கீழ வர வர குரல் தானா தடிக்கும். ஒரு வாரம் கழிச்சு 'ஓ', அதுக்கப்புறம்தான் 'ஆ'.

இந்த சன்னமான குரலைக் கேட்டா கள்ளக்குரல்னு சில பேர் திட்டுவாங்க. கள்ளக்குரல்ல காத்து ஒழுகும், ஸ்வரத்தை அசைச்சுப் பாடுற கமகம் நிக்காது. மேல் ஸட்ஜத்தை சன்னமா எடுத்து மெல்லப் பெருசாக்கி திரும்ப சன்னமாக்குங்க, உடையாம வந்துச்சுன்னா அது உங்க நிஜக்குரல்தான்.

பாட்டுக்கு ஏத்த மாதிரி அளவு மாறும். தேவாரத்துக்கு செஸ்ட் தூக்கலா, கொயருக்கு ஹெட்டை கீழ வரைக்கும் இறக்கி, காஸ்பல், பாப்புக்கு ரெண்டும் கலந்து பேசுற மாதிரி. சன்னமா பாடினா குரல் எடுபடாதுன்னு நினைக்கிறவங்க நம்ம குவாசூலு நட்டால்ல ஜூலு ஆம்பளைங்க வாத்தியம் இல்லாம கோஷ்டியா பாடுற இசிகத்தாமியாவைக் கேளுங்க, லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ குழு ஆம்பளைங்க எவ்வளவு மெதுவா பாடினாலும் ஒரு வார்த்தை கலையாது.

ஒரு தைப்பூசக் காவடிக்கு, ஜனவரி வெயில்ல, மைக் இல்லாம மேளத்தோட போட்டி போட்டு காலையில பூரா செஸ்ட்லயே கத்திப் பாடி எனக்கு பத்து நாள் பேச்சே வரல. இப்பல்லாம் காவடிக்கு அரைக் கட்டை இறக்கித்தான் சுருதி வைக்கிறேன், பிள்ளைங்கள ரெண்டு கோஷ்டியா பிரிச்சு மாத்தி மாத்திப் பாட விடுறேன். வலிச்சா அங்கயே நிறுத்துங்க, கரகரப்பு ரெண்டு மூணு வாரம் தாண்டியும் போகலன்னா தொண்டை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.