பைபிள்ல எஸ்றா 5, 6 குழப்பமில்லாம படிக்க
நேரா 5ஆம் அதிகாரத்துல ஆரம்பிக்காதீங்க, முதல்ல ஆகாய் புத்தகத்துல 1ஆம் அதிகாரம் படிச்சிருங்க, கிமு 520 வரைக்கும் எருசலேம் ஆலயத்தை திரும்பக் கட்டுற வேலை ஏன் நின்னு கிடந்துச்சுனு புரியும். அப்புறம் எஸ்றா 4:5 முடிச்சதும் 4:24க்கு தாவிருங்க, நடுவுல வர்ற அர்தசஷ்டா ராஜா லெட்டர் எல்லாம் ரொம்ப பின்னாடி காலத்து சமாச்சாரம், பாதி பேர் குழம்புறது இங்கதான்.

இப்ப 5:3. தத்னாய் வந்து ஆலயம் கட்ட யார் பெர்மிஷன் குடுத்தானு கேக்குறார்ல, அவரை வில்லனாக்கிடாதீங்க, அவர் பெர்சிய ஆளுநர், கேக்குறது அவர் டியூட்டி, வேலையைக்கூட நிறுத்தல, ஆலயத்தைக் கட்டச்சொல்லி முன்னாடி இருந்த பெர்சிய ராஜா கோரேஸ் போட்ட ஆர்டர் நிஜமா இருக்கானு ரெக்கார்ட்ல தேடச்சொல்லி தரியு ராஜாவுக்கு எழுதுறார், அவ்ளோதான். யூத மூப்பர்கள் சொன்ன பதிலை (5:11-16) மெதுவா படிங்க, எங்க முன்னோர் தப்பு பண்ணாங்கனு ஒத்துக்கிட்டே கோரேஸ் ஆர்டரையும் எடுத்து வைக்கிறாங்க, செம பதில்! ஆர்டர் கிடைச்சது மேதியாவுல இருந்த அக்மேதா பட்டணத்துல (6:2), 6:8ல செலவும் அரசாங்கத்தோடது.